முதல் வாய்

கொலை செய்தபோது அழகுபாண்டி புத்தி சுவாதீனத்தில் இல்லை என்று மதுரை கோர்ட் அவனை விடுதலை செய்திருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்தியமும் முடிந்து, இன்று அவனைக் கூட்டிப்போக அன்னக்கொடி வந்திருந்தாள்.

"வீட்ல சமாளிச்சிருவீங்களாக்கா?" என்றாள் வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ்.

"சோத்துல விசம் இருக்குமோன்னு பயப்படுவான். முதல் வாயை நாம தின்னு காட்டணும். அம்புட்டுதேன்."

"யாரைக் கொன்னோம்னே அவருக்கு ஞாபகமில்ல. சொன்னாலும் மனசுல ஏற மாட்டேங்குது."

"ஏற வேணாம்."

"செத்தவரோட சம்சாரம் சும்மா இருக்குமாக்கா?"

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் வாரேன்மா."

திருமங்கலம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அன்னக்கொடி புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். முதல் வாயைத் தின்று காட்டினாள். அவன் கை நீட்டவில்லை.

"எப்பவும் அண்ணன்தான தின்னு காட்டுவாரு. அண்ணே வரலையா மதினி?"

"அவரால வர முடியலய்யா. நீ சாப்பிடு."

அவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"ஏன் மதினி, பொட்டு வைக்கலையா?"

"கிளம்புற அவசரத்துல மறந்துட்டேன்யா" என்ற அன்னக்கொடி, அவன் பயப்படாமல் இருக்க இன்னொரு வாயும் தின்று காட்டினாள்.