வாளி முறை

பதினோரு குடும்பங்கள் ஒரே தோட்டத்தில் பயிரிட்டு, ஒரே அடுப்பில் சமைத்து உண்ணும் இந்த இடத்துக்கு, என் மகன் செங்கோடனோடு இருந்துவிடலாம் என்று வந்து ஒரு வாரம் ஆகிறது. இங்கே கழிவறையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மரத்தூளைத் தூவ வேண்டும். நிறைந்த வாளியை எருக்குழியில் கொட்டுவதற்கு ஆளுக்கொரு நாள் முறை. இன்று காலை சமையற்கூடத்துக் கரும்பலகையில் வாளிக்கு நேராக என் பெயர் இருந்தது. எங்கள் குடும்பத்து ஆண்கள் கோயில் தீர்த்தக்குடம் மட்டுமே சுமந்தவர்கள். பெயரை அழிக்கச் சொன்னேன்.

"நான் எடுத்துர்றனுங்கப்பா," என்றான் செங்கோடன்.

"நீ எடுத்தா மட்டும் மானம் போவாதா?"

பலகை எழுதும் தவமணி வந்தாள். எங்கள் ஊர்க்காரிதான். எங்கள் வீட்டுக் கழிவறையைக் கொல்லைப்புறமாக வந்து சுத்தம் செய்தது அவள் தகப்பன். அவள் என் பெயரை அழித்துவிட்டுச் சாக்பீஸை என்னிடம் நீட்டினாள்.

"வாளி எப்படியும் போயாகோணுமுங்க ஐயா. உங்களுக்குப் பதிலா ஆருன்னு நீங்களே எழுதிருங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் பலகை முன்னால் நின்றேன்.

"எம்பேருன்னா நாலெழுத்துத்தானுங்க," என்றாள் தவமணி. "கை வலிக்காது."

யாரோ சிரித்தார்கள். செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் எழுதியிருந்ததைவிடப் பெரிய எழுத்தில், என் தகப்பனார் பெயரையும் சேர்த்து, என் பெயரை எழுதினேன். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். அதை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.