நாலு ஐம்பத்தெட்டு

"சிஸ்டர், வந்துட்டாரு உங்க நாலு ஐம்பத்தெட்டு!"

காவலாளியின் குரல் கேட்டும் நர்ஸ் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மனுஷன் வாசலில் தலையைக் காட்டினால் மணி நாலு ஐம்பத்தெட்டு. அஞ்சு மணிக்குக் கவுன்ட்டரை மூட வேண்டும்.

வலி மாத்திரைக்கு அடிமையாகி, அதிலிருந்து மீள நினைப்பவர்கள் வரும் கவுன்ட்டர் அது. நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மாத்திரை கொடுப்பார்கள். கரையப் பத்து நிமிஷம் ஆகும். வெளியே கொண்டு போய் யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, கரைகிற வரைக்கும் நர்ஸ் எதிரிலேயே உட்கார வேண்டும். அதுவரை பேசவும் கூடாது. பேசினால் மாத்திரை வயிற்றுக்குள் போய் வீணாகிவிடும்.

ஆக, இவர் ரெண்டு நிமிஷம் இருக்கும்போது வந்தால், நர்ஸ் எட்டு நிமிஷம் கழித்துத்தான் கிளம்ப முடியும். அதற்குள் குழந்தைகள் காப்பகமே காலியாகி, அவளுடைய நாலு வயசு மகள் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். "உங்கம்மா உன்னை மறந்துட்டாங்களா?" என்று ஆயாவின் கேலி வேறு.

இருபத்து மூணு நாளாக இதே கதைதான்.

"ம், வைங்க."

அவர் மாத்திரையை நாக்கடியில் வைத்து வாயை மூடினார். நர்ஸுக்கு வசதியாகப் போயிற்று.

"இன்னிக்கு நான் பேசறேன், நீங்க கேளுங்க. உங்களுக்கு வேற வழியும் இல்ல."

தலையாட்டினார்.

"சாப்பாட்டுப் பையை ஸ்கூட்டர்லயே விட்டுட்டேன்னு பதினொரு மணிக்குப் பின்பக்கம் போறேன். வகுப்பு ரூம் ஜன்னலுக்குக் கீழ, வாளியைக் கவுத்துப் போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கார். யாரு அது?"

அவர் விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"பதினொரு மணிக்கே வந்தாச்சு! உள்ள வந்து மாத்திரையைப் போட்டுட்டு நிம்மதியாப் போக வேண்டியதுதானே? சாயங்காலம் வரைக்கும் அங்க ஒளிஞ்சிருந்து, நான் பையைத் தோள்ல மாட்டற நேரமாப் பார்த்து வந்து நிக்கறீங்க. என் உயிரை வாங்கறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்?"

இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"கும்பிடெல்லாம் வேண்டாம். அந்தப் பெயின்டரும்தான் நாலே முக்காலுக்கு வர்றார். வேலையை முடிச்சுட்டு, தலையெல்லாம் பெயின்ட்டோட ஓடி வர்றார். அதுல ஒரு நியாயம் இருக்கு. உங்களுக்கு லாரி ஷெட் வேலை காலைல ஒம்போதுக்கே முடிஞ்சு போகுது. என்ன கேடு உங்களுக்கு?"

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"சரி, புதன்கிழமை வகுப்புக்காவது ஒரு நாள் உள்ள வந்து உட்கார்ந்திருக்கீங்களா? மத்தவங்கல்லாம் வட்டமா உட்கார்ந்து மனசு விட்டுப் பேசறாங்க. பழைய இடத்துக்குப் போகாதீங்க, பழைய சகவாசம் வேண்டாம், பழைய முகத்தைப் பார்த்தாலே பழைய ஆசை எழும்பிடும்னு நான் தொண்டை கிழியக் கத்தறேன். யாருக்குக் கத்தறேன்? சுவத்துக்கா?"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"படிச்சுக்கோங்க. உங்க பேரை எடுத்துடச் சொல்லி டாக்டருக்கு எழுதியிருக்கேன்."

அவர் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். தாளைத் தொடக்கூட இல்லை. வைத்தியத்தைப் பாதியில் விட்டவர்களில் பலர் பழைய மாத்திரைக்கே திரும்பிவிடுவார்கள். சிலர் பிணமாகத்தான் வருவார்கள். அது அவருக்கும் தெரியும். அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மத்தியானமே எழுதிய கடிதம் இன்னும் இழுப்பறையிலேயே கிடந்ததற்கு அதுதான் காரணம். அனுப்ப மனசு வராத அந்த ஆத்திரத்தையும் சேர்த்து அவர் மேலேயே கொட்டினாள்.

"என் குழந்தை படியில உட்கார்ந்திருக்கா. அதையெல்லாம் நீங்க எங்க யோசிக்கப் போறீங்க? அடுத்தவங்களைப் பத்தி வாழ்க்கைல ஒரு நிமிஷமாவது நினைச்சுப் பார்த்திருக்கீங்களா?"

அவர் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

"ஆ காட்டுங்க."

காட்டினார். கரைந்திருந்தது.

"இப்ப சொல்லுங்க, கேப்போம்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா வகுப்பு எதையும் நான் விடல. அந்த ஜன்னலுக்குக் கீழ உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டேன். நீங்க சொன்னபடிதான் நடக்கறேன்."

"நானா உங்களைக் கடைசி நிமிஷத்துல வரச் சொன்னேன்?"

"இங்க வர்றவங்கள்ல ஏழு பேர் எனக்குத் தெரிஞ்சவங்க. அங்கேருந்து பார்த்தா கேட் தெரியும், ஏழு பேரும் வந்து போயாச்சான்னு எண்ணிக்கிட்டே இருப்பேன். கடைசியா வர்றது பெயின்டர். அவர் கேட்டைத் தாண்டினப்புறம்தான் நான் உள்ள வருவேன்."

"ஏன்? அவங்களைப் பார்த்தா உங்களுக்கு ஆசை வந்துடுமாக்கும்?"

"எனக்கு வராது சிஸ்டர். அவங்களுக்கு வந்துடும்." அவர் கடிதத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அந்த ஏழு பேருக்கும் முதல் வலி மாத்திரையை வித்தவன் நான்தான். நீங்க சொல்ற பழைய முகம் என்னோடது."