இடுக்கில் வெட்டிய பலகை

இருபத்திரண்டு துண்டு வரவேண்டிய பலகையிலிருந்து இருபத்துமூன்று துண்டு வந்திருந்தது.

முதலாளி மரப்பட்டறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று மறுபடியும் எண்ணினார். வாடிக்கையாளரின் புத்தக அலமாரிக்கு இருபத்திரண்டுதான் கணக்கு. உபரியாக வந்த ஒரு சின்னச் சட்டத்தை மெஷின் ஆபரேட்டர் உப்புத்தாளால் ஓரம் தேய்த்து, சாக்குப்பைக்குள் நழுவவிட்டான்.

"என்னப்பா அது?"

"வேஸ்ட்டு சார். குப்பைக்குப் போறது."

குப்பைக்குப் போகிறதை யாராவது ஓரம் தேய்த்து அனுப்புவார்களா? முதலாளிக்குச் சுருக்கென்றது.

ஆபரேட்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தார். சி.என்.சி. ரூட்டர் என்கிற அந்தப் பலகை வெட்டும் மெஷின் தானாக எதையும் வெட்டாது. திரையில் வரைந்து கொடுத்ததைத்தான் இம்மி பிசகாமல் வெட்டித் தரும். அந்தத் திரையில், புத்தக அலமாரியின் பாகங்களுக்கு நடுவே, வீணாகப் போகவேண்டிய இடுக்கில், யாரும் கேட்காத ஒரு பாகம் பதுங்கியிருந்தது.

பழைய ஃபைல்களையும் பார்த்தார். டாக்டர் வீட்டுக் கட்டில், துணிக்கடை மேஜை, எதைத் திறந்தாலும் இடுக்கில் இரண்டு மூன்று உருப்படி, வரிசை எண்ணோடு. பெரிய பலகை ஒன்றுகூட இல்லை. பல்லோடு பல் கோத்துச் சேர்க்கிற துண்டுகள். மனசுக்குள்ளேயே கோத்துப் பார்த்தார். நாலு தட்டு, ஆறு இழுப்பறை, ரெண்டு கதவு. ஒரு முழு அலமாரி!

ஆறு வருஷமாகக் கூடவே இருக்கிறவன். உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்கிறான். எவனிடமோ தனியாக ஆர்டர் பிடித்திருக்கிறான். இன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட வேண்டியதுதான், ஆனால் கையும் களவுமாகப் பிடித்த பிறகு.

போன் அடித்தது. மனைவி.

"சாப்பிட வர்றீங்களா?"

"நேரமாகும். வழக்கம்போல டேபிள்ல மூடி வை."

"சரி" என்று வைத்துவிட்டாள். முன்பெல்லாம் "ஊருக்கெல்லாம் செய்யறீங்க, நம்ம வீட்டுக்கு எப்போ?" என்று ஒரு குத்துக் குத்தாமல் வைக்க மாட்டாள். இப்போது கொஞ்ச நாளாக அந்தப் பேச்சே இல்லை. பெண்டாட்டிக்கு வந்த புத்தி வேலைக்காரனுக்கு வரவில்லையே என்று அலுத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு ஆபரேட்டர் சாக்குப்பையோடு ஸ்கூட்டரைக் கிளப்பினான். முதலாளி இரண்டு வண்டி இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தார். மேம்பாலம் இறங்கி, மருந்துக்கடையில் திரும்பி, தண்ணீர்த்தொட்டித் தெருவுக்குள் நுழைந்தது ஸ்கூட்டர். அது அவருடைய தெரு. நின்றது அவருடைய வீட்டு வாசலில்.

ஆபரேட்டர் நெடுநாள் பழகியவன் போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. முதலாளிக்குப் பலகைத் திருட்டெல்லாம் மறந்தே போய், வேறொரு பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஹாலில் யாரும் இல்லை. டேபிளில் அவருடைய சாப்பாடு மூடியிருந்தது. சமையலறையிலிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம். அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஒரே பாய்ச்சலாக உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரை அடைத்து ஓர் அலமாரி. வெளிர்ப்பலகையும் கருத்த பலகையும் பல்லோடு பல் கோத்து நின்றன. தட்டு தட்டாக டப்பாக்கள். கீழே முழங்காலிட்டு, பாக்கியிருந்த கதவுக்குக் கடைசிச் சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்த ஆபரேட்டர் பதறி எழுந்தான்.

"சார்... எல்லாம் வேஸ்ட்டுலதான்... அக்கா கேட்டாங்க..."

"என் வீட்டுக்குள்ளயே எனக்குத் தெரியாம ஒரு வேலையா? எப்போடா கொண்டாந்து நிறுத்தின இத? இன்னிக்கு நான் வரமாட்டேன்னு தெரிஞ்சுதானே?"

மனைவி கையிலிருந்த கரண்டியை இழுப்பறைக்குள் போட்டு மெதுவாக மூடினாள்.

"நிறுத்தி ஒரு மாசமாச்சு. நீங்க சமையக்கட்டுக்குள்ள இன்னிக்குத்தானே வர்றீங்க."