கோழிக்குப் போட்ட பிஸ்கட்

“இதை மனுஷன் தின்பானா?”

முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு பிஸ்கட்டை விழுங்கினாள் நாத்தனார்.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் சக்கைக்காரி. தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. பீர் ஆலையில் பார்லியிலிருந்து சாற்றை எடுத்துக்கொண்டு, மிச்சச் சக்கையை மாட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். புரதம் அந்தச் சக்கையிலேயே தங்கிவிடுகிறது என்று எங்கோ படித்ததிலிருந்து, விடிந்ததும் ஆலை வாசலில் வாளியோடு நிற்கிறாள். அது புளிப்பதற்குள் பிழிந்து, காயவைத்து, அரைத்து, சலித்து, பிஸ்கட்டாகச் சுடவேண்டும். லேசுப்பட்ட வேலையா?

“என்ன குறை அண்ணி?”

“உமி பல்லுல மாட்டுது. அடி கருகியிருக்கு. இதைப் போய் ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கா குடுக்கப் போற? மானம் போயிடும். எடு அந்தப் பையை, எங்க வீட்டுக் கோழிக்காவது போடறேன்.”

வாராவாரம் இதே கூத்து. ஒரு வாரம் கசக்கும், ஒரு வாரம் கருகும். குறை சொல்லி முடித்ததும் சுட்டதையெல்லாம் பையில் கொட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் புண்ணியவதி.

“அக்கா பேச்சை விடு,” என்றான் கணவன். “ஆனா வார்டனம்மா இந்தத் தடவையும் வேண்டாம்னுட்டா, இதோட மூட்டை கட்டிடு.”

“மூட்டையாவது கட்டறதாவது! உங்க அக்கா வாயாலயே நல்லா இருக்குன்னு சொல்ல வைக்கிறேனா இல்லையா பாருங்க.”

விட்டாளா? சல்லடையை மாற்றினாள். மாவை இன்னொரு முறை அரைத்தாள். தீயைக் குறைத்துவிட்டு அடுப்பு முன்னாலேயே தவம் கிடந்தாள். கையெல்லாம் கொப்புளம்.

ஹாஸ்டல் வார்டனம்மா ஒன்றைக் கடித்தார். உடனே இன்னொன்றை எடுத்தார்.

“அடுத்த வாரத்துலேர்ந்து பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் இதையே குடுத்துடும்மா.”

சக்கைக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. டப்பா நிறைய பிஸ்கட்டோடு நேரே நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள். இன்றைக்கு அந்த மூக்கை உடைக்காமல் விடுவதில்லை!

எப்போதும் நாத்தனார்தான் இங்கே வருவாள். இவள் அங்கே போய் மாதக்கணக்காகிறது. வீட்டுப் பக்கவாட்டில் கோழிக்கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே ஒட்டடையும் ஒரு பழைய செருப்பும்தான். கோழி இருந்த சுவடே இல்லை.

ஜன்னல் வழியே பார்த்தாள். வேலைக்குப் போயிருக்கவேண்டிய நாத்தனார் கணவர் தாடியும் தானுமாக மூலையில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு அன்று பற்றவைத்ததாகவே தெரியவில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து, கருகிய பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள் நாத்தனார்.

“அம்மா, அத்தை அடுத்த வாரமும் கருக்கிடுவாங்கல்ல?” என்று ஆசையாகக் கேட்டது கடைக்குட்டி.

“கருக்குவா, கருக்குவா. நீ சாப்பிடு.”

சக்கைக்காரி ஜன்னலைவிட்டு விலகினாள். ஐயோ, இது தெரியாமல் சண்டைக்கு அல்லவா வந்திருக்கிறோம்! ஓசைப்படாமல் தெருவுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து உரக்கக் குரல் கொடுத்தாள்.

“அண்ணீ!”

உள்ளே தட்டுகளை அவசரமாக ஒதுக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி, இந்த நேரத்துல?”

டப்பாவை நீட்டினாள். நாத்தனார் ஒன்றை எடுத்துக் கடித்தாள். இந்த முறை முகம் சுளிக்க மறந்துவிட்டாள்.

“இது... நல்லாத்தான்...”

“சும்மா என் மனசுக்காகச் சொல்லாதீங்க அண்ணி,” என்று முந்திக்கொண்டாள் சக்கைக்காரி. “இதையும் சொதப்பிட்டேன். கோழிக்குப் போடுங்க. அடுத்த வாரமும் சொதப்பத்தான் போறேன்.”