கவிநயாவின் கைப்பை

தம்பி மெய்யப்பன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடக்க, நித்யகல்யாணி அவன் பெண்டாட்டியின் கைப்பையையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஆள் வரும்போதெல்லாம் கவிநயா அதை நெஞ்சோடு இறுக்கிக்கொள்கிறாள். உள்ளே என்னவோ இருக்கிறது!

டாக்டர் வெளியே வந்தார். "மனச்சோர்வு மாத்திரை அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கு. இதயத் துடிப்பு தடுமாறுனதால சோடியம் பைகார்பனேட் ஏத்துறோம். மூச்சுக்கு மெஷின் வச்சிருக்கோம். பாக்கலாம்."

அவர் உள்ளே போனதுதான் தாமதம், நித்யகல்யாணி பாய்ந்தாள்.

"என் தம்பிக்கு ஏதுடி மனச்சோர்வு? போன வாரம் சிலிம் ரிவர்ல என் வீட்டுக்கு வந்தப்பகூட கால் எரியுதுன்னுதானே சொன்னான்? நீ எதைக் கலந்து குடுத்த?"

"நான் ஒண்ணும் குடுக்கலக்கா."

"அப்ப பையில எதை ஒளிக்கிற? போலீஸைக் கூப்பிடவா?"

"வேணாம்க்கா, விடுங்கலா!"

வெடுக்கென்று பிடுங்கித் திறந்தாள். உள்ளே கிளினிக்கில் தரும் சின்ன பிளாஸ்டிக் மருந்துப் பை ஒன்று காலியாகக் கிடந்தது. மேலே ஒட்டிய சீட்டில் அச்சாகியிருந்த பெயர், நித்யகல்யாணி.

"இது... என் கால் எரிச்சல் மாத்திரை. நல்லா கேக்கும்னு நான்தானே அவன்கிட்ட குடுத்தேன்..."

"அதே மாத்திரையத்தான் மனச்சோர்வுக்கும் குடுப்பாங்களாம். எரிச்சல் அடங்கலன்னு மொத்தத்தையும் போட்டுட்டாரு."

கவிநயா பையை மெல்ல வாங்கி மூடினாள்.

"மருந்து பேரை டாக்டர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்க்கா. உங்க பேரத்தான் சொல்லல."