ஆட்ட மறந்த வால்

வருஷா வருஷம் வெறிநோய் ஊசி போடும்போது செவலை நாய் தெருவே அதிரக் கத்தும், டாக்டரைக் கடிக்கவும் போகும். பூனையோ பரண்மேல் ஒளிந்து தப்பித்துவிடும்.

ஒருநாள் வீட்டுக்குள் வௌவால் ஒன்று புகுந்தது. இரண்டும் பாய்ந்து கவ்வப் பார்த்து, மூக்கில் கீறல் வாங்கிக்கொண்டன. வௌவால் ஜன்னல் வழியே பறந்துவிட்டது.

"ஐயோ, வௌவால் கீறினாலும் வெறிநோய் வருமாமே!" என்று வீடே பதறியது. பூனையைக் கூண்டில் அடைத்தார்கள். செவலையை மட்டும் வீட்டம்மா, "நல்லவேளை, உனக்கு ஊசி போட்டிருக்குடா" என்று தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் டாக்டர், கூடுதல் பாதுகாப்புக்கு இன்னொரு ஊசியோடு வந்தார். செவலை தானாகப் போய் முதுகைக் காட்டி, வாலை ஆட்டியது.

"வலிக்குமே, அண்ணே! எதுக்கு வாலாட்டுறே?" என்றது கூண்டுப் பூனை.

"இது இன்னைக்குப் போடுற ஊசிக்கு இல்லை. போன வருஷமே ஆட்டியிருக்க வேண்டிய வாலு."