தெருக்காவலரின் மனைவி கேட்கிறாள்

மாநகராட்சி மண்டபத்தின் சன்னல் வழியே காலை வெயில் மேடைமேல் விழுகிறது. தெருக்காவலுக்குப் போய்த் திருடனின் கத்திக்குப் பலியான தச்சரின் மனைவி, மேயர் கொடுத்த சான்றிதழை மார்போடு அணைத்தபடி நிற்கிறாள். தச்சரோடு காவல் போன தெருக்காரர்கள் முதல் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "இனிமே காவல் போற எல்லாருக்கும் டார்ச்சும் விசிலும் குடுக்கப்போறோம்," என்கிறார் மேயர். கைதட்டல் அடங்கும்வரை அவள் பொறுத்திருக்கிறாள். "விசில் அவருகிட்ட இருந்துச்சுங்க. உசுரு போறவரைக்கும் ஊதினாராம். போன் பண்ணியும் முக்கா மணி நேரம் போலீசு வரலையே, ஏங்க?" கோபமில்லை, வழி கேட்பவளைப்போலத்தான் கேட்கிறாள். மேயரின் முகம் சுண்டிப்போகிறது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "அன்னிக்கு ஸ்டேஷன்ல ஆள் இல்லம்மா," என்கிறார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அவள் மெல்லத் தலையாட்டுகிறாள். "அதனாலதானேங்க அவரு காவலுக்குப் போனாரு."